சந்தேகத்தின் பலன்

யுத்தத்தில் குண்டடிபட்டுக் காலை இழந்து திரும்புகிறவனிடம் எந்த அரசாங்கமும் உன் கால் எப்படிப் போயிற்று என்று கேட்பதில்லை. இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. இழந்த இடமும் நாளும் பதிவாகியிருக்கின்றன. பிரச்னை இன்னொருவனுடையது. பட்டாளத்திலிருந்து முழு உடம்போடு வீடு திரும்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு இருபது முப்பது வருஷம் வாழ்ந்தபின், ஒரு நாள் ரத்தத்திலோ நுரையீரலிலோ தூக்கத்திலோ ஏதோ ஒன்று உடைந்துபோய், இது அங்கிருந்து வந்தது என்று அரசாங்கத்தின் முன் போய் நிற்கிறவன் அவன். அங்கிருந்துதான் வந்தது என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று அவனிடம் கேட்கப்படுகிறது.

இந்தக் கேள்வியை அதிகாரவர்க்கத்தின் ஈரமின்மை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஒதுக்கிவிட்டால் யோசிக்க வேண்டியது எதுவும் மிஞ்சாது. கேள்வி நியாயமானதுதான். பொதுப் பணத்தைக் கையாளுகிறவன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அதன் சங்கடம், கேட்கிறவனுடைய குணத்தில் இல்லை. பதில் இருக்கவேண்டிய இடத்தில் பதில் இல்லை என்பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் இழப்பீடு கோரும்போது மூன்று விஷயங்களை நிலைநாட்ட வேண்டும். இப்போது நோய் இருக்கிறது என்பது ஒன்று. பணியிலிருந்த காலத்தில் ஒரு சம்பவம், காயம் அல்லது பாதிப்பு நேர்ந்தது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது மூன்றாவது. முதலாவதை உடம்பு காட்டும். இரண்டாவதைக் காகிதம் காட்டும், காகிதம் இருந்தால். மூன்றாவதை யார் காட்டுவது? விஷத்துக்கு ஆட்பட்ட பத்தாயிரம் பேரையும் ஆட்படாத பத்தாயிரம் பேரையும் ஒப்பிட்டு, முதல் கூட்டத்தில் இந்த நோய் அதிகம் என்று விஞ்ஞானம் சொல்லும். அந்தக் கூட்டத்தில் இந்த ஒருவனுக்கு வந்த நோய், விஷத்தால் வந்ததா அல்லது எப்படியும் வந்திருக்கக்கூடியதா என்று அதனால் சொல்ல முடியாது. புற்றுநோய் செல் தன் பிறப்பிடத்தை எழுதி வைத்துக்கொண்டு பிறப்பதில்லை. கூட்டத்தைப் பற்றிய அறிவு தனி மனிதனிடம் வந்ததும் வாயடைத்துப்போகிறது. ஆனால் மனுப் போடுகிறவன் கூட்டமாக வருவதில்லை. தனி ஆளாகத்தான் வருகிறான்.

ஆக, அறிவே பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி, அறிவின் கருவிகள் எதையும் கையில் வைத்திராத ஒருவனிடம் கேட்கப்படுகிறது. இங்கிருந்துதான் இது ஒழுக்கப் பிரச்னையாகிறது. நமக்குத் தெரியாத ஒன்றின் பாரத்தை யார் சுமப்பது?

*

வியட்நாமில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க ராணுவம் காடுகளின் மீதும் வயல்களின் மீதும் 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளை விமானங்களிலிருந்து தெளித்தது. எதிரி மறைந்துகொள்ள இலை இருக்கக் கூடாது, தின்னப் பயிர் இருக்கக் கூடாது என்பது திட்டம். பீப்பாயின் மேல் பூசியிருந்த ஆரஞ்சுப் பட்டையை வைத்து அவற்றில் ஒன்றுக்கு ஏஜென்ட் ஆரஞ்ச் என்று பெயர். அதன் தயாரிப்பில் டையாக்ஸின் என்ற விஷம் கலந்துவிட்டிருந்தது. அந்தக் காடுகளில் நடந்தவர்கள், பீப்பாய்களை உருட்டியவர்கள், அங்குள்ள தண்ணீரைக் குடித்தவர்கள் ஊர் திரும்பிச் சில வருஷங்கள் கழித்து நோய்வாய்ப்பட்டார்கள். நிரூபணம் கேட்கப்பட்டது. எந்த நாள், எந்தக் காட்டில், எவ்வளவு விஷம் தன் மேல் பட்டது என்பதற்கு எந்தச் சிப்பாயிடமும் கணக்கு இல்லை. 1984-ல் தயாரிப்பு நிறுவனங்கள் 18 கோடி டாலர் கொடுத்து ஒரு சமரசத்துக்கு வந்தன. பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல் கொடுத்த பணம் அது.

1991-ல் வந்த சட்டம் வேறொரு வழியில் போயிற்று. 1962 ஜனவரி 9-க்கும் 1975 மே 7-க்கும் இடையில் வியட்நாமில் பணியாற்றியவன் இந்த விஷத்துக்கு ஆட்பட்டவன் என்று எடுத்துக்கொள்ளப்படும். பட்டியலில் உள்ள நோய் அவனுக்கு வந்தால் அது பணியால் வந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். பட்டியல் பிற்பாடு நீண்டது. 2001-ல் நீரிழிவின் ஒரு வகையும், 2010-ல் பார்க்கின்ஸன் நோயும், 2022-ல் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்தன.

'எடுத்துக்கொள்ளப்படும்' என்ற இந்த வார்த்தையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 1990-ல் தெரியாதிருந்த ஒன்று 1991-ல் தெரிந்துவிடவில்லை. ஒரு தனி மனிதனின் நோய்க்குக் காரணம் எது என்பது அன்றைக்குப் போலவே இன்றைக்கும் இருளில்தான் கிடக்கிறது. சட்டம் அந்த இருளை அகற்றவில்லை. அதை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிற்று, அவ்வளவுதான். அனுமானம் என்பதை அறிவின் குறைந்த வடிவம் என்றுதான் நம் தர்க்க மரபில் பழகியிருக்கிறோம். இந்த அனுமானம் அறிவைச் சேர்ந்ததே அல்ல. தெரியாமையின் விலையை இனி நான் கொடுக்கிறேன் என்று ஓர் அரசு சொல்கிற சொல் இது. வாக்குறுதியின் ஜாதியைச் சேர்ந்தது.

வாக்குறுதிக்கும் எல்லை வகுக்கப்பட்டது. பல வருஷங்கள் வரை, வியட்நாமின் மண்ணில் கால் வைத்தவனுக்கும் உள்நாட்டு நீர்வழிகளில் சென்றவனுக்கும் மட்டுமே இந்த அனுமானம் பொருந்தும் என்று சொல்லப்பட்டது. கரைக்கு அப்பால் கப்பலில் இருந்தவனுக்கு இல்லை. கப்பலில் இருந்தவர்கள் கடல்நீரை வடித்துக் குடித்தவர்கள். அப்படி வடிக்கும்போது டையாக்ஸினின் செறிவு கூடலாம் என்று 2002-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்லிற்று. ஆனாலும் விஷம் கடற்கரையோடு நின்றுவிடும் என்பது போல விதி நடந்துகொண்டது. 2019-ல் நீதிமன்றத் தீர்ப்பும் அதைத் தொடர்ந்து ஒரு சட்டமும் வந்து எல்லையைக் கடலுக்குள் 12 மைல் தள்ளிப்போட்டன. சிலர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். எல்லை எங்கே என்பது விஞ்ஞானக் கேள்வி போலத் தோற்றம் தருகிறது. எவ்வளவு தூரம் வரை நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதே உண்மையில் அங்கே கேட்கப்படுவது.

*

ஏன் அரசு சுமக்க வேண்டும்? கருணையால் என்று சொல்வது வழக்கம். கருணையை இந்த இடத்துக்கு அழைத்து வருவது ஆபத்து. கருணை கொடுக்கிறவனுடைய குணம். அவன் மனம் மாறினால் அதுவும் மாறும். கடன் அப்படியல்ல. 1593-ல் இங்கிலாந்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஊர் வரியிலிருந்து உதவ ஒரு சட்டம் போட்டார்கள். 1636-ல் பிளிமத் குடியேற்றத்தில், சண்டையில் முடமானவனை ஆயுள் முழுக்க குடியேற்றம் பராமரிக்கும் என்று விதித்தார்கள். இரண்டிலும் பிச்சையையும் கடனையும் பிரிக்கிற கோடு கலங்கலாகத்தான் இருக்கிறது. கோட்டைத் தெளிவாக்க வேண்டுமானால் கருணையை விட்டுவிட்டு, அரசுக்கும் சிப்பாய்க்கும் உள்ள உறவின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

அரசு அவனைச் சேர்க்கும்போது அவன் உடம்பைச் சோதிக்கிறது. மார்பை அளந்து, பல்லை எண்ணி, கண்ணைப் பார்த்து, தகுதி என்று முத்திரை குத்துகிறது. அதன்பின் அவன் எங்கே போக வேண்டும், எதைச் சுவாசிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. அவனுக்கு நேர்ந்தவற்றை எழுதி வைப்பதும், எழுதாமல் விடுவதும், எழுதியதைப் பாதுகாப்பதும் அதன் கையில். அவன் நோயாளியான பின் அவனைப் பரிசோதித்துக் கருத்துச் சொல்லும் மருத்துவரும் பெரும்பாலும் அதன் ஆள். போதாததற்கு, பணியின் போக்கில் ஏற்பட்ட கேட்டுக்காகச் சிப்பாய் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950-ல் தீர்மானித்துவிட்டது. இழப்பீட்டு அலுவலகம் ஒன்றுதான் வாசல். அந்த வாசலிலும் வழிகாட்டி வைத்துக்கொள்ள முடியாதபடி, மனு ஒன்றுக்கு வக்கீல் 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1864-ல், உள்நாட்டு யுத்த காலத்தில், போட்ட சட்டம் 1985 வரை வந்து உச்ச நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டது. 1988-ல்தான் அந்த அலுவலகத்தின் முடிவுகளை விசாரிக்க ஒரு நீதிமன்றமே ஏற்பட்டது.

1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவப் பணிப் பதிவேடுகள் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. நகல் கிடையாது. இதற்குப் பின்னும் ஒருவனிடம் போய், உன் காயத்துக்குப் பதிவு எங்கே என்று கேட்டால், அந்தக் கேள்வி தன் நியாயத்தை இழந்துவிடுகிறது. சாட்சியத்தை வைத்திருந்தவனே அதை எரியவிட்டவன். அமெரிக்க நீதிமன்றங்கள் இதை உணர்ந்து, பதிவுகள் இல்லாத இடத்தில் சந்தேகத்தின் பலனைப் பரிசீலிக்கும் கடமை அலுவலகத்துக்குக் கூடுகிறது என்று சொல்லியிருக்கின்றன.

சந்தேகத்தின் பலன் என்பது கிரிமினல் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு உரியது என்று அறிவோம். சிவில் வழக்கில் தராசு சமமாக நின்றால் கேட்டு வந்தவன் தோற்பான். இங்கே தராசு சமமாக நின்றால் கேட்டு வந்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நம் நாட்டின் 1982-ம் வருஷத்து விதிகளும் இதே திசையில் பேசின. சேரும்போது குறை எதுவும் எழுதப்படாதிருந்தால் அவன் ஆரோக்கியமாகவே சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும். உரிமைக்கான நிபந்தனைகளை நிரூபிக்கும்படி அவனைக் கேட்கக் கூடாது. நியாயமான சந்தேகத்தின் பலன் அவனுக்கே. 2013-ல் நம் உச்ச நீதிமன்றம், வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில் இந்த விதிகளை அவற்றின் முழு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டது. நோய் அவன் உடலமைப்பிலேயே இருந்தது, பணிக்குச் சம்பந்தமில்லை என்று மெடிக்கல் போர்டு ஒரு வரியில் எழுதியிருந்தது. அதற்குக் காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத கருத்து, கருத்தாகாது என்றது கோர்ட். 2008-லும் 2023-லும் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. 2025-லும் இதே மாதிரி வழக்குகளில் இதே மாதிரித் தீர்ப்பைக் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. விதியின் வாசகத்துக்கும் அதைக் கையாளுகிற மனத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தை எந்தத் தீர்ப்பும் ஒரே தடவையில் கடந்துவிடுவதில்லை.

*

எதிர்வாதத்தை அதன் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்கிறவர்கள் உண்டு. எங்கும் போகாதவன் போனதாகச் சொல்வான். உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் வயதான எவனுக்கும் வருகிற நோய்கள். இவற்றையெல்லாம் யுத்தத்தின் கணக்கில் எழுதினால், உண்மையாகவே யுத்தம் தின்ற உடம்புக்கும் முதுமை தின்ற உடம்புக்கும் வித்தியாசம் அழிந்துவிடும். எல்லோருக்கும் கொடுக்கிற அங்கீகாரம் யாருக்கும் அங்கீகாரமாகாது. இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்ல. சில சமயம் முன்னாள் சிப்பாய்களே இதைச் சொல்கிறார்கள்.

இந்த வாதம் ஒரு விஷயத்தை மறக்கிறது. எந்த ஏற்பாட்டிலும் இரண்டு வகைத் தவறுகள் நடந்தே தீரும். தகாதவனுக்குக் கொடுப்பது ஒன்று, தக்கவனுக்கு மறுப்பது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். தவறே இல்லாத ஏற்பாடு வேண்டும் என்பவன், எந்தத் தவறோடு வாழச் சம்மதிக்கிறாய் என்ற கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கிறான். தகாதவனுக்குக் கொடுத்ததில் பொதுப்பணம் கொஞ்சம் போகிறது. அந்த நஷ்டம் கோடிப் பேர்மேல் சிதறி, ஒருவருக்கும் உறைக்காமல் போகிறது. தக்கவனுக்கு மறுத்ததில் ஒரே ஒருவன்மேல் முழுப் பாரமும் விழுகிறது. அவனுக்குப் பணம் மட்டும் மறுக்கப்படவில்லை. உன் உடம்பைப் பற்றி நீ சொல்வது பொய் அல்லது பிரமை என்று, அவனை அனுப்பி வைத்த அதே குரல் சொல்கிறது. இரண்டு தவறுகளும் எண்ணிக்கையில் சமமாக இருக்கலாம். எடையில் சமம் அல்ல.

எதிர்வாதத்தில் இன்னொரு இழை இருக்கிறது. அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. நிரூபணம் கேட்பது கேட்கப்படுகிறவனை மாற்றிவிடுகிறது. தன் நோயை எப்போதும் காட்டத் தயாராக வைத்திருக்க வேண்டியவன், அதிலிருந்து விலகி நிற்கும் சுதந்திரத்தை இழக்கிறான். நல்ல நாளில் அவன் சிரித்தால் அதுவே அவனுக்கு எதிரான சாட்சியம். குணமாவது ஒரு நஷ்டம் என்று அவனுக்குக் கற்பிக்கப்படுகிறது. சந்தேகப்படுகிற அலுவலகம் தான் சந்தேகப்படுகிற மாதிரியான மனிதனைத் தானே உண்டாக்குகிறது, பிறகு பார்த்தாயா என்கிறது.

*

நோயை எண்ணாக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்க முறையில் ஊனம் 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக ஏறும் சதவீதம். வலியை அது அளப்பதில்லை; சம்பாதிக்கும் சக்தியில் ஏற்படும் சராசரி இழப்பை அளக்கிறது. ஒருவனுக்கு ஒரு நோய் 50, இன்னொன்று 30 என்றால் கூட்டுத்தொகை 80 அல்ல. முதல் நோய் போக மிச்சமிருக்கும் பாதி மனிதனில் 30 சதவீதம், அதாவது 15. மொத்தம் 65. அருகிலுள்ள பத்துக்கு மாற்றினால் 70. இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அதற்குள் ஒரு தத்துவம் உட்கார்ந்திருக்கிறது. நோய் எத்தனை சேர்ந்தாலும், எஞ்சியிருக்கும் மனிதனிடமிருந்துதான் அது எடுக்க முடியும். முழு மனிதனிடமிருந்து இரண்டு தடவை எடுக்க முடியாது. எஞ்சியிருக்கும் மனிதன் என்ற அந்தக் கருத்து, கணக்கர்கள் தெரியாமல் எழுதிவிட்ட ஓர் உண்மை. நம் பக்கத்தில் ஊனப் பென்ஷனுக்கு 20 சதவீதம் என்பது வாசற்படியாக இருந்து வந்திருக்கிறது. 19 சதவீதம் ஊனமான மனிதன் எப்படி இருப்பான் என்று கற்பனை செய்து பார்த்தால், அளவுகோலின் துல்லியம் எவ்வளவு தைரியமான பாவனை என்பது விளங்கும்.

இந்த அளவுகோலில் வினோதமானது பூஜ்யம். நோய் உண்டு, அது பணியால் வந்தது, ஆனால் இழப்பீடு பெறும் அளவுக்கு இல்லை என்று பொருள். மாதா மாதம் பணம் வராது. பின்னால் நோய் முற்றினால் முதலிலிருந்து வழக்காட வேண்டாம் என்ற லாபம் உண்டு. ஆனால் அதைக்கூட ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தப் பூஜ்யத்தில் பணம் முழுக்க வடிந்துபோனபின் மிஞ்சும் ஒன்று இருக்கிறது. 'ஆம், இது எங்களால் வந்தது' என்ற வாக்கியம். அலுவலகம் அந்த வாக்கியத்தைச் சும்மா சொன்னால் போதும், செலவில்லை. அது எவ்வளவு தயங்கிச் சொல்லப்படுகிறது என்பதைப் பார்க்கும்போது, பிரச்னை கஜானாவைப் பற்றியது மட்டும்தான் என்று நம்புவது கஷ்டமாகிறது.

வார்த்தையோடு உழல்கிறவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்று உண்டு. அலுவலகம் பெயருள்ள நோய்க்குத்தான் பணம் தரும். யுத்தத்திலிருந்து திரும்பியவனின் தூக்கமின்மைக்கும் நடுக்கத்திற்கும் திடீர்க் கோபத்திற்கும் அமெரிக்க மனமருத்துவக் கையேட்டில் இன்றுள்ள பெயர் ஏறியது 1980-ல். அதற்கு முன் அந்த அனுபவம் இல்லாமல் இருந்ததா? பெயர் இல்லாமல் இருந்தது. பெயர் இல்லாததால் கோப்பில் இடம் இல்லாமல் இருந்தது. பெயர் வந்தபின்னும், போர்முனையில் நேரடியாகச் சண்டையிடாதவன் தன்னை உலுக்கிய சம்பவத்துக்கு வேறு ஆதாரம் தர வேண்டியிருந்தது. 2010-ல் அந்த விதி தளர்ந்தது. எதிரியின் தாக்குதலைப் பற்றிய பயம், அவன் இருந்த இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்துமானால், மருத்துவரும் உறுதி செய்தால், அவன் சொல்லே போதும். பயம் முதல் தடவையாகத் தன் சாட்சியத்தைத் தானே சொல்ல அனுமதிக்கப்பட்டது. 1991 வளைகுடா யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் நோய்களுக்குப் பெயரே கண்டுபிடிக்க முடியாமல், 1994-ல் பெயரிடப்படாத நோய்க்கும் இழப்பீடு என்று ஒரு சட்டம் வந்தது. பெயரற்றதை அங்கீகரிக்க ஓர் அரசாங்கம் சம்மதித்த விஷயம் இது. கவிதையிடம் நாம் எதிர்பார்த்திருக்கிற காரியத்தை ஒரு சட்டப்பிரிவு அரைகுறையாகவேனும் செய்துவிட்டது.

அனுபவத்தின் அதிகாரம் பற்றி நம் வட்டத்தில் நிறையப் பேசியாயிற்று. அனுபவித்தவன் சொல்வதே உண்மை, மற்றதெல்லாம் தயாரிப்பு என்கிற கட்சி ஒன்று. சொல்லப்பட்ட பிரதியைத் தவிர வேறு அனுபவம் நமக்குக் கிடையாது என்கிற கட்சி மற்றொன்று. அலுவலகத்தின் முன் நிற்கிற நோயாளி இரண்டு கட்சிகளையும் சங்கடப்படுத்துகிறான். அவன் அனுபவம் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளவில்லை. அவனுடைய பிரதியோ, படிவத்தின் கட்டங்களுக்குள் வேறு யாரோ எழுதியது. அனுபவமும் ஆவணமும் முடிகிற இடத்தில், எதிரே இருப்பவன் நம்புகிறானா என்பது மட்டும் பாக்கி. நம்புவது அறிவின் முடிவாக வருவதில்லை. அறிவு முடிந்தபின் செய்ய வேண்டிய செயல் அது. செய்யாமல் விட்டால் அதுவும் ஒரு செயல்தான்.

*

நம்முடைய பழைய புறத்திணை உலகில் காயத்துக்கு இடம் இருந்தது. இடம் என்பதை நேர் அர்த்தத்திலேயே சொல்கிறேன். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் பழி. காயம் தன் கதையைத் தன் இடத்தாலேயே சொல்லிவிட்டது. மெடிக்கல் போர்டு வேண்டியிருக்கவில்லை. செத்தவனுக்கு நடுகல், அவன் வழியினருக்கு உதிரப்பட்டி என்ற நிலம். செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு பக்கத்துக் கடனைப் பற்றி மட்டும் பெரிதாகப் பேசிய மரபு, எதிர்ப்பக்கத்துக் கடனையும் நிலத்தின் மொழியில் ஒப்புக்கொண்டிருக்கிறது. புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் தொடாமல் மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்று ஒரு துறையாகவே வகுத்தது. ஆனால் அந்த உலகத்திலும் காயம் தெரிய வேண்டும். முப்பது வருஷம் கழித்துச் சுரப்பியில் முளைக்கிற காயத்துக்கு மார்பும் இல்லை, முதுகும் இல்லை. அதற்குத் துறை வகுக்கப்படவில்லை. கல் ஒன்றும் கேட்பதில்லை என்பதால் கல்லுக்கு மரியாதை செய்வது எளிது. உயிரோடு திரும்பி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் கோப்போடு உட்கார்ந்திருப்பவன் எந்த வீரயுகத்துக்கும் அசௌகரியமானவன். அவனுக்குத் தொடாக்காஞ்சி இன்றும் நடக்கிறது. காவல் நிற்கிற மனைவி பேய்க்குப் பதிலாகத் தபாலில் வரும் மறுப்புக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாள்.

*

இதுவரை சொன்னது ஒரு கட்டடம் போல நிற்கிறது. அதன் அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்க்காமல் முடிக்க முடியாது. விஷம் வியட்நாமில் தெளிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் வியட்நாமியர்கள். ஒரு வருஷம் இருந்து திரும்பியவர்கள் அல்ல, அந்தத் தண்ணீரிலும் மீனிலும் மண்ணிலும் தலைமுறையாக இருப்பவர்கள். 2004-ல் அவர்களில் சிலர் அமெரிக்க நீதிமன்றத்தில் தயாரிப்பு நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2005-ல் அது தள்ளுபடியாயிற்று. 2008-ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. அதே விஷம், அதே வருஷங்கள், அதே காடு. ஓர் உடம்புக்கு 'எடுத்துக்கொள்ளப்படும்', மற்ற உடம்புக்கு 'நிரூபி'.

இதற்குச் சமாதானம் சொல்லலாம். இந்த அனுமானம் டையாக்ஸினைப் பற்றிய உண்மையிலிருந்து பிறந்ததல்ல, அரசுக்கும் அதன் சிப்பாய்க்கும் உள்ள உறவிலிருந்து பிறந்தது என்று நானே மேலே வாதித்தேன். சீருடை அணியாதவனோடு அந்த உறவு இல்லை. சரிதான். ஆனால் அந்த வாதத்தின் உயிர் எங்கே இருந்தது? இருளை உண்டாக்கியவனே இருளின் விலையைத் தர வேண்டும் என்பதில். முத்திரை குத்தியது, அனுப்பியது, பதிவை வைத்திருந்தது என்பதெல்லாம் அதற்கான அடையாளங்கள். விமானத்தை அனுப்பியவனும் எவ்வளவு, எங்கே என்ற கணக்கைத் தன் கையில் வைத்திருந்தவனும் அதே அரசு. கீழே நின்றவன் சிப்பாயைவிடக் குறைவாகவே அறிந்தவன். சிப்பாயைவிடக் குறைவாகவே சம்மதித்தவன். நியாயம் உண்மையாக இருந்தால் அது சீருடையின் பொத்தானோடு நிற்காது. அங்கேயே நின்றுவிட்டால், நாம் இவ்வளவு நேரம் நியாயம் என்று நினைத்தது எஜமான விசுவாசத்தின் மறுபக்கம் மட்டும்தான் என்றாகிவிடும்.

அமெரிக்கா பிற்பாடு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. டா நாங் விமானத்தளத்தின் விஷமேறிய மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை 2012-ல் தொடங்கி 2018-ல் முடிந்தது. ஊனமுற்றவர்களுக்கான திட்டங்களுக்கும் பணம் போயிற்று. அந்தப் பணத்துக்கு உதவி என்று பெயர். இழப்பீடு என்று பெயர் இல்லை. பூஜ்ய சதவீதத்தில் செலவில்லாமல் சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு வாக்கியம் இங்கே கோடிக்கணக்கான டாலர் செலவழித்தும் சொல்லப்படவில்லை. கடனுக்கும் ஈகைக்கும் உள்ள வித்தியாசம் தொகையில் இல்லை என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் கிடைக்காது.

சிப்பாய் இந்த இடத்தில் கஷ்டமான நிலையில் நிற்கிறான். அவன் தெளித்தவர்களின் பக்கத்தவன், தெளிக்கப்பட்டவனும் கூட. அவனுடைய மனுவில் முதல் பாதிக்குக் கட்டம் கிடையாது. தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்படி படிவம் அவனைக் கேட்கிறது. தான் எதில் பங்கு கொண்டான் என்று கேட்பதில்லை. சிலர் கேட்கப்படாமலேயே அதைச் சுமக்கிறார்கள், தூக்கமின்மையாக. அந்தத் தூக்கமின்மைக்கும் அலுவலகம் ஒரு சதவீதம் போடும். அது யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டிய நோய் என்பதைச் சதவீதம் சொல்லாது.

நிரூபி என்று கேட்பதை அரசுகள் விட்டுவிடப் போவதில்லை. விட்டுவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கேட்கும் திசையை மாற்றலாம். இது எங்களால் வந்ததல்ல என்று எங்களால் காட்ட முடியுமா என்று அலுவலகம் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். முடியவில்லையென்றால் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்படிக் கேட்கத் தொடங்குகிற அரசு, அடுத்த யுத்தத்துக்கு ஆள் எடுக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும். இந்தத் திசை மாற்றம் எங்கும் இவ்வளவு மெதுவாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.